டெக்சாஸுக்கு எந்த மாதம் குடிபோகலாம்? மகளின் கல்லூரிக் கட்டணம் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். நிறுவனம் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஒப்புதலாகி, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறோம். மனைவி, மகள், மகன் மூவருக்கும் என்னைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசா. மகள் 2010 பிப்ரவரியில் பிறந்தவள். பதினோராம் வகுப்பை முடிக்கப்போகிறாள். 2027 ஆகஸ்டில் கல்லூரிக்குப் போவாள். மகன் 2012 அக்டோபரில் பிறந்தவன், இப்போது எட்டாம் வகுப்பு. நிறுவனம் என்னை டாலஸ் அலுவலகத்துக்கு மாற்றுகிறது. இந்த ஜூலையிலோ நவம்பரிலோ சேரலாம் என்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பைப் புதுப் பள்ளியில் படிக்கமாட்டேன் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். நான் மட்டும் முன்னால் போய், குடும்பம் அடுத்த ஆண்டு கோடையில் வந்து சேர்ந்தால், டெக்சாஸ் பல்கலைக்கழகங்களில் அவளுக்கு உள்மாநிலக் கட்டணம், அதாவது மாநிலத்தில் வசிப்பவர்களுக்கான குறைந்த கட்டணம், கிடைக்குமா? விசாக்காரர்களுக்கு அந்தச் சலுகையை நீதிமன்றம் நிறுத்திவிட்டது என்கிறார் நண்பர். ஃப்ரீமாண்டில் இருக்கும் மைத்துனரோ, "எங்கள் வீட்டு முகவரியைப் போடுங்கள், கலிஃபோர்னியாவில் படிக்கட்டும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

நவம்பரை விடுங்கள். ஜூலைக்கே ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் மகள் எடிசனிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கலாம். அதனால் அவளுடைய கட்டணம் அதிகரிக்காது. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மகனின் கணக்குதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பணம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு உள்மாநில மாணவர் ஆண்டுக்குக் கட்டுவது, பாடப்பிரிவைப் பொறுத்து, சுமார் 11,000 முதல் 14,000 டாலர். அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்காரும் வெளிமாநில மாணவர் 40,000 டாலருக்கு மேல் கட்டுகிறார். உணவும் தங்குமிடமும் தனி. நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். எச்-4 மாணவருக்குக் கூட்டரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது, கூட்டரசுக் கல்விக் கடனும் கிடையாது. ஆகவே உங்களைப் போன்ற குடும்பத்துக்கு உள்மாநிலக் கட்டணம்தான் பெரிய தள்ளுபடி. பல வீடுகளில் அது ஒன்றுதான் தள்ளுபடி. இதெல்லாம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். ரைஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் நீங்கள் எந்த மாநிலத்தவர் என்று பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை.

டெக்சாஸ் கல்விச் சட்டம் உள்மாநிலத் தகுதிக்கு மூன்று வழிகள் வைத்திருக்கிறது. மாணவரே சொந்தக் காலில் நின்று ஓராண்டு டெக்சாஸில் வசிப்பது ஒன்று. மாணவர் பெற்றோரைச் சார்ந்தவராக இருந்து, அந்தப் பெற்றோர் டெக்சாஸில் ஓராண்டாகக் குடியிருப்பது இரண்டாவது. டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி பெற்று, அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் தொடர்ந்து அங்கேயே வசித்திருப்பது மூன்றாவது. உங்கள் மகளுக்கு இரண்டாவது வழி. அதில் பார்க்கப்படுவது பெற்றோரின் வசிப்பிடம். தாய், தந்தை இருவரும் அங்கே இருந்தாக வேண்டும் என்றும் இல்லை, ஒருவர் போதும். மகள் எந்த ஊர்ப் பள்ளியில் படித்தாள் என்பது இந்த வழியில் கேள்வியே இல்லை. வருமான வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவளாக அவளைக் காட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். காட்டுவீர்கள்தானே?

இனி தேதி. அந்த ஓராண்டை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை. 'சென்சஸ் தேதி' என்று ஒன்று உண்டு. பருவத்தின் மாணவர் எண்ணிக்கையைக் கல்லூரி கணக்கெடுக்கும் நாள் அது. இலையுதிர் பருவத்தில், வகுப்புகள் நடக்கும் பன்னிரண்டாவது நாள். ஆகஸ்டின் பின்பகுதியில் கல்லூரி திறந்தால், சென்சஸ் தேதி செப்டம்பர் முற்பாதியில் விழும். 2027 செப்டம்பர் தொடக்கத்தில் மகளுக்குத் தகுதி வேண்டுமானால், 2026 செப்டம்பர் தொடக்கத்துக்குள் நீங்கள் டெக்சாஸில் குடியேறியிருக்க வேண்டும். ஜூலையில் போனால் ஒரு மாதத்துக்கு மேல் கையிருப்பு. நவம்பரில் போனால் முதல் பருவம் முழுவதும் வெளிமாநிலக் கட்டணம்.

நிறுவனம் எந்தக் காரணத்தாலோ நவம்பருக்குத்தான் மாற்ற முடியும் என்று சொன்னால் தலையில் இடி விழுந்துவிடாது. 2027 நவம்பரில் உங்களுக்கு ஓராண்டு நிறையும். அடுத்த வசந்தப் பருவத்துக்கு மகளின் தகுதியை மறுபடி நிர்ணயிக்கும்படி விண்ணப்பிக்கலாம். அதாவது இழப்பு ஒரு பருவத்தோடு நிற்கும். டெக்சாஸில் இன்னொரு வாசலும் உண்டு. பல்கலைக்கழகமே போட்டி முறையில் தரும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்தால், வெளிமாநில மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம் அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. இடங்கள் குறைவு, எல்லா உதவித்தொகைக்கும் பொருந்தாது. ஆனால் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு முன்கூட்டியே கெடு முடிந்துவிடும். அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

அடுத்து, காகிதம். ஊரில் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பிடச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கவுன்சிலிங்குக்கும் செல்லும். இங்கே அப்படி ஒரு சான்றிதழை எந்த அலுவலகமும் தருவதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் உங்கள் காகிதங்களைத் தானே படித்துத் தானே முடிவு செய்கிறது. பதிவாளர் அலுவலகம் ஒன்றில் அந்த மேசையில் உட்கார்ந்து கோப்புகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாடகை ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் முதலில் நீட்டுவார்கள். டெக்சாஸில் அது துணை ஆவணம்; ஓட்டுநர் உரிமமும் மின்கட்டண ரசீதும் அதே வகைதான். வசிப்பிடத்தை நிலைநாட்டக் கேட்பது வேறு. டெக்சாஸில் பன்னிரண்டு மாதம் வேலை பார்த்ததற்கான சான்று, அல்லது அங்கே உங்கள் பெயரில் குடியிருக்கும் வீடு, அல்லது சொந்தத் தொழில். உங்களுக்கு வேலைச் சான்றுதான். எந்தத் தேதியிலிருந்து டாலஸ் அலுவலகத்தில் பணிபுரிகிறீர்கள் என்று நிறுவனம் தரும் கடிதமும், பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளும் போதும்.

அந்தச் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. எனவே நீங்கள் இடம் மாறிய மாதத்திலிருந்து சீட்டில் நியூ ஜெர்சி வரிப் பிடித்தம் நின்றிருக்க வேண்டும். பல நிறுவனங்களில் சம்பளப் பிரிவு முகவரியை மாற்ற இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பழைய மாநில வரியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வரியைத் திரும்ப வாங்கிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. ஆனால் செப்டம்பர், அக்டோபர் சீட்டுகளில் எடிசன் முகவரியும் நியூ ஜெர்சி பிடித்தமும் இருந்தால், கோப்பைப் படிப்பவர் பேனாவை எடுத்துவிடுவார். முதல் சம்பளச் சீட்டு வந்த அன்றே பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். நியூ ஜெர்சி வரிக் கணக்கிலும் அப்படியே. 2026க்கு முழு ஆண்டும் அங்கே வசித்ததாக நீங்கள் கணக்குத் தாக்கல் செய்துவிட்டு, ஜூலையிலேயே டெக்சாஸ்காரனாகிவிட்டேன் என்று பல்கலைக்கழகத்தில் எழுத முடியாது. மனைவி எடிசனிலேயே இருக்கப்போகிறார் என்பதால் உங்கள் கணக்கு சற்றுச் சிக்கலானது. யார் எந்த மாநிலத்தவராகக் கணக்குக் காட்டுவது என்று கணக்காளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

உங்கள் கோப்பில் சந்தேகம் எழக்கூடிய இடமும் இதுவே. மனைவி, மகள், வீடு எல்லாம் நியூ ஜெர்சியில். கணவர் மட்டும் டாலஸில் ஓர் ஒற்றை அறையில். இது தற்காலிகப் பணியா, உண்மையான குடிமாற்றமா என்று அதிகாரி யோசிப்பார். யோசிப்பது அவர் வேலை. அதற்குப் பதில் உங்கள் விசாக் கோப்பிலேயே இருக்கிறது. பணியிடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் எச்-1பி மனுவைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். 2015இல் வந்த குடிவரவுத் தீர்ப்பு ஒன்று இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. புது இடத்தில் வேலை தொடங்கும் முன்பே தாக்கல் செய்யப்படும் அந்தத் திருத்த மனுவில் டாலஸ் முகவரி பணியிடமாகப் பதிவாகும். அதன் நகலை நிறுவன வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். இடமாற்றக் கடிதத்தில் 'திட்டப்பணிக்காக' என்ற சொல் இல்லாமல், நிரந்தர இடமாற்றம் என்று இருக்கட்டும். புதிதாகக் குடியேறுபவர் டெக்சாஸில் 30 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள் ஓட்டுநர் உரிமம் எடுக்க வேண்டும். காலத்தோடு செய்தால் அந்தத் தேதிகளும் உங்கள் பக்கம் பேசும்.

நண்பர் சொன்ன நீதிமன்ற விஷயம். பாதி உண்மை, உங்களுக்குப் பொருந்தாத பாதி. டெக்சாஸ் 2001இல் ஒரு சட்டம் இயற்றியது. மேலே சொன்ன மூன்றாவது வழியை, குடிவரவு ஆவணமில்லாத மாணவர்களுக்கும் அது திறந்துவிட்டது. 2025 ஜூனில் கூட்டரசு நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது; மாநில அரசு எதிர்க்காமல் ஒப்புக்கொள்ள, அதே நாளில் தடை ஆணை வந்தது. அந்த ஆணை, நாட்டில் சட்டப்படி இருக்கும் நிலை இல்லாதவர்களைப் பற்றியது. எச்-1பியும் எச்-4ம் டெக்சாஸில் வசிப்பிடம் அமைத்துக்கொள்ளத் தகுதியுள்ள விசாக்கள், அதில் மாற்றமில்லை. எஃப்-1 மாணவர் விசா அந்தப் பட்டியலில் இல்லை. ஆணைக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் குடிவரவு ஆவணங்களைக் கூடுதல் கவனத்தோடு கேட்கின்றன. மகள் எதுவரை இந்த நாட்டில் தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தந்தையின் நீட்டிப்பு வந்துவிட்டது, பிள்ளையின் நீட்டிப்பை மறந்துவிட்டார்கள் என்ற கோப்புகள் நிறைய வருகின்றன.

விசாக் குடும்பங்களுக்கு இந்த உரிமை யாரோ தாராள மனத்தோடு தூக்கிக் கொடுத்ததும் இல்லை. சர்வதேச நிறுவன ஊழியர்களுக்கான ஜி-4 விசாவில் பெற்றோர் இருந்தார்கள் என்பதற்காக மேரிலாந்து பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணத்தை மறுத்தது. பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றம், டோல் எதிர் மொரேனோ வழக்கில், அந்தக் கொள்கை செல்லாது என்றது. இந்த நாட்டில் வசிப்பிடம் அமைத்துக்கொள்ளக் கூட்டரசே அனுமதித்த ஒருவரை, விசாவை மட்டும் காட்டி மாநிலம் தள்ளிவைக்க முடியாது என்பதே அதன் சாரம். ஓராண்டு காத்திருக்கச் சொல்வதை மட்டும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நாம் நாள் எண்ணுவது அதனால்தான்.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக (யூசி) வளாகங்களில் புதிதாகச் சேரும் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் 2025–26இல் 37,602 டாலராக இருந்தது. ஆசை வருவது இயல்பு. ஆனால் அங்கே 24 வயது நிரம்பாத, பெற்றோரைச் சார்ந்த மாணவரின் வசிப்பிடம் பெற்றோரின் வசிப்பிடத்தை ஒட்டியே பார்க்கப்படும். பெற்றோர் உயிரோடு இருக்கையில் மாமாவைச் சட்டப்படிக் காப்பாளராக நியமித்தாலும் பிள்ளையின் வசிப்பிடம் மாறாது என்று அந்த மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆகவே யோசனை முதலில் பலிக்காது.

பலித்தாலும் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் விசாவில் இருப்பவர் வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் புது முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மகள் எடிசனில் இருக்கிறாள் என்று ஒரு கோப்பும், ஃப்ரீமாண்டில் இருக்கிறாள் என்று இன்னொரு கோப்பும் இருக்கும். குடியுரிமை உள்ளவர் இப்படிச் செய்து மாட்டினால் பழைய கட்டண பாக்கியும் ஒழுங்கு நடவடிக்கையும் வரும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பம், கையெழுத்திட்டுப் பொய் சொன்ன கோப்பு ஒன்றைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டுமா? மைத்துனரிடம் விடுமுறைக்கு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது மகன். அவன் மூன்றாவது வழியில் வரக்கூடியவன்; அந்த வழிதான் உறுதியானது, ஏனென்றால் அது உங்கள் விசாவையோ வேலையையோ நம்பி இல்லை. அவன் டெக்சாஸ் பள்ளியில் படித்துத் தேறி, அதற்கு முந்தைய 36 மாதமும் அங்கே வசித்திருக்க வேண்டும். கல்லூரிச் சென்சஸ் தேதிக்கு முந்தைய ஓராண்டும் அங்கேயே இருக்க வேண்டும். அவன் பள்ளி முடிப்பது 2030 மே இறுதி அல்லது ஜூன் தொடக்கம். உங்கள் திட்டப்படி குடும்பம் 2027 கோடையில், அதாவது எடிசன் பள்ளிகள் ஜூனில் மூடிய பிறகு வந்தால், 36 மாதத்துக்குச் சில வாரங்கள் குறையும். சில வாரங்கள்தான். சட்டத்தில் அது குறைதான்.

அதனால் என்ன, அவனுக்கும் தந்தை வழித் தகுதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நீங்கள் வேலையில் இருக்கும்வரை. எச்-1பியில் வேலை போனால் 60 நாள் அவகாசம். அடுத்த வேலை சியாட்டிலில் கிடைத்தால் பெற்றோர் வழிக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மேலும் அவன் 21 வயதை எட்டுவது 2033 அக்டோபரில், நான்காம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்குள் உங்கள் வரிசை நகராவிட்டால் எச்-4 போய்விடும், எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். ஐ-140 மனு நிலுவையில் இருந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உதவும். ஆனால் வரிசை உங்களை எட்டினால்தான் அந்தக் கழிவுக்குப் பொருள் உண்டு. எஃப்-1 என்பது படிப்பு முடிந்ததும் தாயகம் திரும்புவேன் என்ற நிபந்தனையோடு வரும் விசா. பெற்றோர் வழியாக வந்த உள்மாநிலத் தகுதி அப்போது மறுபரிசீலனைக்கு வரலாம். சொந்தமாக 36 மாதக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் நிற்க ஓர் இடம் இருக்கும்.

என்னைக் கேட்டால், ஜூலையில் மகனை உங்களோடு அழைத்துப் போங்கள். ஒன்பதாம் வகுப்பைப் புதுப் பள்ளியில் தொடங்குவது யாருக்கும் கடினமில்லை; அந்த வகுப்பில் பாதிப் பேர் புதியவர்களாகவே இருப்பார்கள். மகளும் தாயும் எடிசனில் ஓராண்டு. நீங்கள் சமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கலாம். பிள்ளை டெக்சாஸ் அரசுப் பள்ளியில் சேர்ந்திருப்பது உங்கள் குடிமாற்றத்துக்கும் வலுவான துணை ஆவணம். மனைவியைப் பிரிந்திருக்க முடியாது, எல்லோரும் சேர்ந்தே போவோம் என்று முடிவெடுத்தாலும் கட்டணக் கணக்கில் தவறில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி மாறும் மகளின் மனநிலையை எடைபோட வேண்டியது நீங்கள்தான். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும். டெக்சாஸ் பள்ளிகளில் முதல் வரிசை மாணவர்களுக்குக் கிடைக்கும் தானியங்கிச் சேர்க்கை எடிசன் பள்ளி மாணவிக்குக் கிடையாது. ஆஸ்டினில் 2026 சேர்க்கையிலிருந்து அது வகுப்பின் முதல் 5 சதவீதத்தினருக்கு என்று சுருங்கிவிட்டது. கடைசி ஆண்டில் பள்ளி மாறிப்போய் அதைப் பிடிப்பது எளிதல்ல, ஆகவே பெரிதாக இழக்கிறோம் என்று வருந்த வேண்டாம்.

மகளுக்கு 21 நிறைவது 2031 பிப்ரவரியில். அப்போது கடைசிப் பருவத்தில் இருப்பாள். அந்தப் பருவத்தைவிட அவளுடைய இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள்தான் எனக்கு உறுத்துகின்றன. எச்-4 பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, வளாக வேலையும் முடியாது. கூடப் படிப்பவர்கள் கோடையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போவதைப் பார்த்து, எஃப்-1க்கு மாறிவிடலாம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்டவுடன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு கோடைச் சம்பளத்துக்காக ஆண்டுக்கு 30,000 டாலர் வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும் நிலை வரலாம். மாறும் முன், "இப்போது உள்மாநில மாணவியாக இருக்கிறேன்; விசா மாறினால் என் கட்டண வகை மாறுமா?" என்று பதிவாளர் அலுவலகத்தின் வசிப்புத் தகுதிப் பிரிவுக்கு மகள் மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கட்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டால் விசாவைப் பற்றிச் சரியாகச் சொல்வார்கள்; கட்டணம் அவர்கள் கையில் இல்லை.

ஜூலைக்கு முன் நிறுவனத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: நிரந்தர இடமாற்றக் கடிதம், திருத்த மனு தாக்கலாகும் தேதி, சம்பளப் பிரிவில் மாநிலம் மாறும் தேதி. மூன்றிலும் ஒரே மாதம் வரட்டும். மகள் விண்ணப்பத்தில் வசிப்பு பற்றிய கேள்விகளை நிரப்பும்போது நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெற்றோர் டெக்சாஸுக்கு வந்த மாதமும் ஆண்டும் கேட்கும் கட்டத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் வந்த தேதியைப் போட்டுவிடுகிறார்கள்.